தடுப்பூசிக்குப் பின் விடாத தோள்வலி: வீட்டிலேயே பொறுப்பதா, கடலூரில் பார்ப்பதா, ஜிப்மருக்குப் போவதா?

என் அக்காவுக்கு 54 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கும் அவர், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் அறிவுரைப்படி 2023 செப்டம்பரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டார். அன்று இரவே இடத் தோள் கனத்துப் போயிற்று. மறுநாள் காலையில் அந்தக் கையால் சமையலறை மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவைக்கூட எடுக்க முடியவில்லை. ஊசி போட்டால் இரண்டு நாள் வலிக்கத்தான் செய்யும் என்று குடும்பத்தில் எல்லாரும் சொன்னோம், நான் உட்பட. பத்தாம் நாளும் அவரால் கையைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கொண்டை முடிய இயலாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு முடிந்துகொண்டார் என்று தெரிந்த பிறகுதான் அடுத்து என்ன செய்வது என்ற பேச்சே எழுந்தது.

எழுந்த பேச்சில் நான்கு வழிகள் முன்னே வந்தன. எண்ணெய் போட்டு நீவி, கையை அசையாமல் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றார் அக்காவின் மாமியார். கடலூரிலேயே ஓர் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடலாம் என்றார் மாமா. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் நான், வழக்கம்போல, இங்குள்ள மத்திய அரசின் பெரிய மருத்துவமனையான ஜிப்மருக்கு வந்துவிடுங்கள் என்றேன். அக்காவின் வழி எல்லாவற்றிலும் எளியது: “தானா வந்தது தானாப் போகும், விடுடா.” அடுத்த மூன்று மாதங்களில் நாங்கள் இந்த நான்கு வழிகளையும், போகக்கூடாத வரிசையிலேயே, ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டோம். நான் மருத்துவன் அல்லன்; ஆனால் இதே நிலையில் கடலூரிலோ புதுச்சேரியிலோ யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எங்கள் அலைச்சலும், அதன்போது கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவையும் உதவலாம்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் நாட்களை எண்ண வேண்டும். தடுப்பூசிக்குப் பிறகு வரும் காய்ச்சல், உடல்வலி, அசதி, ஊசி போட்ட இடத்து வீக்கம் ஆகியவை பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் அடங்கிவிடும். உடலின் எதிர்ப்பாற்றல் வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம்தான் அவை. வலி ஒரு வாரத்தைத் தாண்டியும் நிற்கிறது, அதோடு மூட்டின் அசைவும் குறைந்திருக்கிறது என்றால் விஷயம் வேறு. மருத்துவ நூல்களில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. தடுப்பூசி செலுத்தியதால் ஏற்படும் தோள் காயம் என்று அதைச் சொல்லலாம். 2007-இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 2010-இல் பதின்மூன்று பேரின் விவரங்கள் ஒன்றாக வெளியாயின. 2017-இல் அமெரிக்க அரசு தன் தடுப்பூசி இழப்பீட்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், அந்தத் தோளில் அதற்கு முன் தொல்லை இருந்திருக்கக் கூடாது, வலியும் முடக்கமும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும் என்பவை அப்பட்டியல் கேட்கும் முதன்மையான அடையாளங்கள். அக்காவுக்கு மூன்றும் பொருந்தின.

இதில் குற்றம் பெரும்பாலும் மருந்தினுடையது அன்று, ஊசி இறங்கிய இடத்தினுடையது. தோளின் நுனி எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசை திரண்டிருக்கும் இடத்தில் போட வேண்டிய ஊசி அதற்கு மேலே இறங்கிவிட்டால், எலும்புக்கும் தசைக்கும் நடுவே உராய்வைத் தடுக்கும் சிறிய நீர்ப்பைக்குள் மருந்து போய்ச் சேர்ந்து அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. அது எப்படி மேலே இறங்கும் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு புரிந்தது: இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்ட முடியாததால், கழுத்துப் பக்கத்தை இழுத்துத் தோளை மட்டும் வெளியே எடுத்திருக்கிறார்கள், போட்டவர் நின்றுகொண்டிருந்தார், அக்கா உட்கார்ந்திருந்தார். இழுத்த துணிக்கு மேலே எவ்வளவு தோள் தெரிந்ததோ அங்கேதான் ஊசி இறங்கியிருக்கிறது. நம் ஊரில் ரவிக்கை அணியும் பெண்கள் எத்தனை பேருக்கு இப்படியே போடப்படுகிறது என்பதைத் தடுப்பூசி முகாம் நடக்கும் எந்த இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனாலும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இது இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இருப்பவர்களுக்கு, அவர்களிலும் பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், எந்த ஊசியும் போடாமலேயே தோள் இறுகிப்போகும் நோய் வருவதுண்டு. ஊசி போட்டு மூன்று வாரம் கழித்துத் தொடங்கிய தோள்வலிக்கு ஊசியைக் காரணமாக்குவது கடினம். முதல் இரவிலேயே தொடங்கியதற்கு அப்படி இல்லை. ஆகவே எந்த நாளில், எந்த நேரத்தில் வலி தொடங்கியது என்பதைச் சீட்டிலோ கைப்பேசியிலோ குறித்துவைப்பது பிறகு எந்த மருத்துவரிடம் போனாலும் பயன்படும். எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியே அதுதான்.

சில அறிகுறிகள் வந்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. 108-ஐ அழைப்பதோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போவதோதான் உண்டு. இடத் தோள்வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது இதயத்தின் வலியாக இருக்கலாம், அதிலும் சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரக்கூடும். ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முகமோ தொண்டையோ வீங்கினால் அது கடும் ஒவ்வாமை. அடுத்த சில வாரங்களில் கால்களில் மரத்துப்போதலும் பலவீனமும் தொடங்கி மேல்நோக்கி ஏறினால் அது நரம்பு மண்டலத்தைப் பற்றியது. கோவிஷீல்டு போன்ற கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு மிக அரிதாக வந்த இரத்த உறைவு, நான்காம் நாளுக்குப் பின் விடாத கடுந்தலைவலி, பார்வை மங்கல், வயிற்றுவலி, கால் வீக்கம் என்று வெளிப்பட்டது. ஊசி போட்ட இடம் நாளுக்கு நாள் சிவந்து சூடேறிச் சீழ்க்கட்டிபோல் ஆனால் அது கிருமித் தொற்று. இவை எதுவும் அக்காவுக்கு இல்லை என்பதால்தான் எங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருந்தது.

முதல் வழியான வீட்டிலேயே பொறுத்திருப்பது முதல் வாரத்துக்குச் சரியான வழி. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றுவது, தேவைப்பட்டால் பாராசிட்டமால் எடுப்பது, கையை வலி தாங்கும் அளவுக்கு வழக்கம்போல் அசைத்துக்கொண்டிருப்பது ஆகிய மூன்றும் போதும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஒரு நாளில் நான்கு கிராம் என்பதே பாராசிட்டமாலின் உச்ச வரம்பு. கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. மருந்துக் கடையில் “வலிக்கு ஏதாவது குடுங்க” என்று கேட்டு, சிறிய காகித உறையில் பெயர் தெரியாத இரண்டு மூன்று மாத்திரைகளை வாங்கி வரும் வழக்கம் நம் பக்கம் உண்டு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும், அந்த உறைக்குள் ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரை அளவும் எகிறிவிடும். ஒரு வாரத்துக்கு மேல் இந்த வழி செல்லாது. பொறுத்திருப்பவர்கள் வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அசைக்காத தோள் மேலும் இறுகுகிறது.

அந்தக் காரணத்தாலேயே இரண்டாம் வழியில்தான் நாங்கள் மிகுதியாக இழந்தோம். எண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன். இளஞ்சூட்டில் உளுந்துத் தைலம் தடவி, நொச்சி இலை ஒற்றடம் கொடுத்த இரவுகளில் அக்கா நன்றாகத் தூங்கினார். அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவிலும் இத்தகைய மருத்துவம் முறையாகக் கிடைக்கிறது. கெடுத்தது அதோடு சேர்ந்து வந்த கட்டு. தெரிந்தவர் ஒருவர் அழைத்துப்போன இடத்தில் தோளை அழுத்தி நீவி, ஒருமுறை இழுத்தும் விட்டு, கையை வயிற்றோடு சேர்த்துக் கட்டி இரண்டு வாரம் அவிழ்க்கக் கூடாது என்று அனுப்பினார்கள். எலும்பு முறிவுக்குப் பொருந்தும் கட்டு, அழற்சியால் இறுகிக்கொண்டிருக்கும் தோளுக்குப் பொருந்தாது. கட்டு அவிழ்ந்த நாளில் கை பக்கவாட்டில் மார்பளவுகூட உயரவில்லை. சித்த மருத்துவத்தை நாடுகிறவர்கள் பட்டம் பெற்ற மருத்துவரிடமே போக வேண்டும் என்பதும், யார் சொன்னாலும் தோளைக் கட்டிப்போடச் சம்மதிக்கக் கூடாது என்பதும் அந்த இரண்டு வாரத்தில் நாங்கள் வாங்கிய பாடம்.

இருபத்தைந்தாம் நாள் மாமா சொன்ன மூன்றாம் வழிக்கு வந்தோம். கடலூரில் இதற்கு இரண்டு வாய்ப்புகள்: மஞ்சக்குப்பத்திலுள்ள அரசுத் தலைமை மருத்துவமனை, அல்லது தனியார் எலும்பு மருத்துவர். முன்னதில் செலவில்லை, காத்திருப்பு உண்டு. பின்னதில் மாலையில் போய் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம், பரிசோதனைகளுக்குக் கைக்காசு போகும். நாங்கள் பின்னதற்குப் போனோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, தெரியவும் தெரியாது. எலும்பைக் காட்டும் படத்தில் நீர்ப்பையின் வீக்கம் விழாது. அல்ட்ராசவுண்டில் அது தெரிந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்றாலும், தசைநார் கிழிந்திருக்கும் என்ற ஐயம் இருந்தால் ஒழிய இப்போதைக்குத் தேவையில்லை என்று அந்த மருத்துவரே சொன்னது எனக்கு அவர்மேல் நம்பிக்கையைத் தந்தது. இயன்முறைப் பயிற்சியை (பிசியோதெரபி) எழுதிக்கொடுத்தார். பயிற்சியால் அசைவு கூடாவிட்டால் தோளுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார். வெளியே வந்ததும் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தார்: “ஊசியால வந்த வலிக்கு இன்னொரு ஊசியாடா?”

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான்காம் வழி. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், அங்கிருந்து ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்கு இன்னொரு பேருந்து. காலையிலேயே பதிவு செய்ய வேண்டும் என்பதால் விடியுமுன் கிளம்ப வேண்டும். கூட்டமான பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க ஒரு கைதான் இருக்கிறது என்பது ஏறிய பிறகுதான் நினைவுக்கு வரும். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து நாள்தோறும் வந்து குவியும் கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டும். அந்த நாளின் கூலியை விட்டுவிட்டு வருபவர்களுக்கு இலவச மருத்துவமும் இலவசம் ஆகிவிடாது. இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன என்றால், எலும்பு, நரம்பு, பொது மருத்துவம் ஆகிய எல்லாத் துறைகளும் ஒரே வளாகத்தில் இருப்பதும், மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் மையமும் அங்கேயே இருப்பதும்தான். மரத்துப்போதல், கை பலவீனம், காரணம் தெரியாத காய்ச்சல் என்று வலியோடு வேறு எதுவும் கலந்திருந்தால் கடலூரில் ஒவ்வொரு மருத்துவராக அலைவதைவிட நேரே அங்கே போவது மேல். வலியும் அசைவுக் குறையும் மட்டுமே என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது இப்போது என் கருத்து. ஆறாம் வாரம் அங்கே எங்களுக்குக் கிடைத்த அறிவுரை கடலூர் மருத்துவர் சொன்னதற்கு ஒரு சொல்கூட மாறவில்லை. இரண்டாவது கருத்து கேட்டதால் அக்காவின் தயக்கம் தீர்ந்தது. அதற்காக அந்த ஒரு நாளை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஸ்டீராய்டு ஊசியா, பயிற்சி மட்டுமா என்பதுதான் உண்மையில் நாங்கள் எடுத்த மிகக் கடினமான முடிவு. ஊசி அழற்சியை விரைவாகத் தணிக்கும், சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும்; அந்த இடைவெளியில் பயிற்சி செய்து அசைவை மீட்டுக்கொள்ளாவிட்டால் ஊசியின் பலன் கரைந்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு அது சில நாட்கள் சர்க்கரை அளவை ஏற்றும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் மாத்திரை அளவைப் பேசிக்கொள்ள வேண்டும். பயிற்சி மட்டும் போதும் என்று இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வலி பயிற்சியையே செய்யவிடாத நிலையில் அது பேச்சளவில்தான் நிற்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு ஊசியைப் பற்றி யோசிக்கலாம். அக்கா ஏழாம் வாரம் கடலூரிலேயே அதைப் போட்டுக்கொண்டார். வழக்கமாக 150-ஐ ஒட்டி நிற்கும் சர்க்கரை, மூன்று நாள் 270 வரை போய்ப் பிறகு இறங்கியது.

பயிற்சியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்வதில்லை, ஆனால் குணமானது அதனால்தான். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கிணற்று வாளியைப்போல் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது ஒன்று. துண்டின் ஒரு முனையை மேலிருந்து நல்ல கையாலும் மறுமுனையை முதுகுக்குப் பின்னால் மற்றக் கையாலும் பிடித்து மெல்ல மேலே இழுப்பது ஒன்று. சுவரை ஒட்டி நின்று, விரல்களை எறும்பு ஊர்வதுபோல் மேலே ஏற்றுவது மற்றொன்று. ஏறி நின்ற இடத்தில் அக்காவின் மகள் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதியையும் எழுதினாள். முதல் கோடு சுவிட்சுப் பலகைக்குச் சற்று மேலே இருந்தது; ஐந்தாம் ஆறாம் வாரங்களின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன; ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு அவை விலகத் தொடங்கிப் பதினோராம் வாரம் நாட்காட்டி மாட்டும் ஆணியைத் தொட்டன. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வலி பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும், இறங்காவிட்டால் மறுநாள் குறைத்துச் செய்ய வேண்டும் என்பது இயன்முறை மருத்துவர் சொன்ன அளவுகோல்.

வாரத்துக்கு மூன்று முறை போக வேண்டிய பயிற்சிக்கு ஜிப்மர் கடலூர்க்காரர்களுக்கு ஒத்துவராது. உள்ளூரில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே நடமாட முடியாத முதியவர்களுக்குக் கடலூரில் ஒரு வசதி உண்டு: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். திட்டம் தமிழ்நாட்டினுடையது என்பதால் என்னைப்போன்ற புதுச்சேரிக்காரர்களுக்குக் கிடைக்காது. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்க்காரர்களுக்குக் கடலூர்தான் பக்கம் என்றாலும் இந்த விஷயத்தில் எல்லை எல்லைதான்.

பக்கவிளைவைப் பதிவு செய்வதா, விட்டுவிடுவதா என்பது நாங்கள் யாரும் யோசிக்காத தேர்வு. இந்தியாவில் தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு 1988-இலிருந்து இருக்கிறது. ஊசி போட்ட இடத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிவிக்கலாம். மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத 1800-180-3024 என்ற எண்ணுக்கு வேலை நாட்களில் பொதுமக்களே பேசலாம். ஊசியின் பெயர், தொகுதி எண், போட்ட தேதி ஆகியவை கையில் இருக்க வேண்டும். பதிவு செய்தால் பணம் வராது. அமெரிக்காவில் இருப்பதுபோன்ற இழப்பீட்டு ஏற்பாடு இங்கே இல்லை. ஊசி போட்ட மருத்துவமனையில் சொன்னபோது முதலில் அவர்கள் அதைப் புகாராக எடுத்துக்கொண்டு முகம் சுளித்தார்கள். தோளில் மிக மேலே ஊசி இறங்குவது செலுத்தும் முறையில் நேரும் பிழை என்ற தனி வகையில் சேரும், மருந்தை யாரும் குறை சொல்லவில்லை என்று விளக்கிய பிறகே எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு ஊசி போட்டுக்கொள்வதா, விட்டுவிடுவதா என்ற கேள்வியில் அக்காவும் மாமாவும் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள் என்றே சொல்லலாம். கடும் ஒவ்வாமை வந்தவர்கள் அதே ஊசியைத் திரும்பப் போட்டுக்கொள்ளக் கூடாது. தோள் காயம் அப்படிப்பட்ட தடை அன்று. சர்க்கரை உள்ளவருக்கு ஃப்ளூவின் ஆபத்து ஊசியின் ஆபத்தைவிடப் பெரியது என்ற மருத்துவரின் சொல்லை அக்கா ஏற்றுக்கொண்டார். 2024-இல் தொளதொளவென்று தைத்த கைவைத்த ரவிக்கையை அணிந்துகொண்டு போனார்; துணியை மேலே சுருட்டி, வலக்கையைக் காட்டி, செவிலியரையும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, விரல் வைத்து அளந்து போட்டாராம். மூன்றாம் நாள் வலி போய்விட்டது. இடக்கை மட்டும் இன்னும் பின்பக்கம் முழுதாக ஏறவில்லை. கொண்டையைச் சற்றுப் பக்கவாட்டில்தான் முடிந்துகொள்கிறார்.